கேளாத ஒலியும் கேட்டுவிட்ட நாமும்

ஒரு நூலை விமரிசிக்கலாம். நாடகத்தையும் திரைப்படத்தையும் விமரிசிக்கலாம். ஆனால் ஒரு நிமிடம்கூட நீளாத ஓர் ஒலித்துண்டுக்கு இலக்கிய இதழில் இத்தனை பக்கம் வேண்டுமா என்று வாசகர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே கருதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஓர் ஒலித்துண்டை வெளியிட்டது. பெர்சியஸ் என்னும் விண்மீன் மண்டலக் கொத்தின் நடுவே உள்ள மாபெரும் கருந்துளையைச் சுற்றி எழும் அலைகளை மனிதச் செவிக்கு எட்டும்படி மாற்றியமைத்த ஒலி அது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அது "கருந்துளையின் ஒலி" என்ற பெயரில் உலகெங்கும் கைப்பேசிகள் வழியே பரவியது. அந்த ஒலி தானாகக் கிடைத்ததன்று, ஆக்கப்பட்டது. எந்தத் தரவை எடுப்பது, எந்தத் திசையில் படிப்பது, எந்தச் சுருதிக்கு உயர்த்துவது என்று சிலர் அமர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். ஆக்கியோர் உள்ள எதுவும் விமரிசனத்திற்கு உரியதே.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஒலித்துண்டை நான் மறையுரையில் பயன்படுத்தினேன், தவறாகப் பயன்படுத்தினேன். அதற்கான விலையைக் கொடுத்தது நான் அல்ல, ஒரு மலைவாழ் மாணவி.

மலைமேல் ஒரு மாலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மேலேறினால் கல்வராயன் மலை. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் அந்தச் சரிவுகளில் எங்கள் கிளைப்பங்கு ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில், ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்கு முந்தைய நவநாள் மாலை ஒன்றில், பங்கு இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "சாமி, கருந்துளை கத்துற சத்தம் சாமி, நாசா பதிவு பண்ணியிருக்காங்க" என்றார். கேட்டேன். ஆழ்ந்த குகையிலிருந்து எழும் முனகலைப் போன்ற அந்த ஒலி என்னை உலுக்கிவிட்டது.

மறையுரை நேரத்தில் கைப்பேசியை ஒலிபெருக்கிமுன் வைக்கச் சொன்னேன். மலைக்காற்றோடு கலந்து அந்த முனகல் பரவியபோது குழந்தைகள் தாய்மாரின் மடியில் ஒண்டிக்கொண்டனர். நான் 19-ஆம் திருப்பாடலை நினைவூட்டி, வானங்கள் இறைவனின் மாட்சியை எடுத்துரைப்பதை இன்று விஞ்ஞானமே பதிவு செய்து நம் கையில் தந்துவிட்டது என்று முழங்கினேன். அன்று பலர் என் கையைப் பற்றிப் பாராட்டினர். ஒரு முதியவர் அது நரகத்தின் ஓலம் என்றார். பக்கத்து ஊரிலிருந்து விருந்தாக வந்திருந்த இந்து அன்பர் ஒருவர் அதில் ஓங்காரம் கேட்டதாகச் சொன்னார். மூவரும் ஒரே ஒலியைக் கேட்டோம். ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்ததையே அதில் கண்டெடுத்தோம். அப்போதே எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பங்கு இல்லத்துக்கு வந்தாள். கட்டுரைப் போட்டி ஒன்றில், "கருந்துளை பாடியதை விஞ்ஞானிகள் பதிவு செய்துவிட்டனர்" என்று எழுதியிருக்கிறாள். நடுவர் அவளை அழைத்து எல்லார் முன்னிலையிலும் விளக்கம் கேட்டிருக்கிறார்.

"நீங்க சொன்னதைத்தான் சாமி எழுதினேன். அம்மாந் தூரத்துல போயி யாரு மைக் வெச்சாங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அவள் கோபமாகப் பேசவில்லை. சாமி சொன்னது எப்படித் தவறாகும் என்ற குழப்பம்தான் அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்தின் முன் நான் நின்ற நிலையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. அன்று தொடங்கிய படிப்பின் விளைவே இக்கட்டுரை.

எக்ஸ் கதிர் என்ற சன்னல்

நம் மக்களுக்கு எக்ஸ் கதிர் என்றால் மருத்துவமனையில் எடுக்கும் நெஞ்சுப் படம்தான். ஆனால் வானிலும் எக்ஸ் கதிர் உண்டு. இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் வாயு எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. நம் வளிமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால்தான் பூமியில் உயிர்கள் வாழ்கின்றன. அதே காரணத்தால் தரையிலிருந்து அவற்றைக் காணவும் முடியாது. நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986-இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியாலும் அது இயலாது. கருவியை வளிமண்டலத்துக்கு மேலே அனுப்பியாக வேண்டும்.

1962 ஜூன் 18 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட் ஒன்று சில நிமிடங்கள் மட்டுமே வானை நோக்கியது. ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர் குழுவினரும் தேடியது நிலவிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை. கிடைத்ததோ விருச்சிக இராசியின் திசையில், சூரிய மண்டலத்துக்கு வெகு அப்பாலிருந்த ஒரு பேரொளி. அதற்கு ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயரிட்டனர். இத்துறையைத் தொடங்கிவைத்ததற்காக ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிட்டியது. 1970 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் விடுதலை நாளில், அந்நாட்டுக் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக் கோளுக்குச் சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் "உகுரு" என்ற பெயர் சூட்டப்பட்டது. விண்மீன் மண்டலக் கொத்துகள் முழுவதும் எக்ஸ் கதிர் பரவிக் கிடப்பதை உகுருதான் வெளிப்படுத்தியது.

கொத்து என்பது என்ன? நம் பால்வீதியைப் போன்ற நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் ஈர்ப்பினால் கட்டுண்டு ஒன்றாய்த் திரண்டிருப்பது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் மண்டலங்களுக்கு நடுவே வெறும் இருள். எக்ஸ் கதிரில் பார்த்தாலோ அந்த இருள் முழுதும் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு. கொத்திலுள்ள விண்மீன்கள் அனைத்தின் எடையையும்விட அந்த வாயுவின் எடை பன்மடங்கு. வெற்றிடம் என்று நாம் எண்ணிய இடத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்ததைவிட மிகுதியான பொருள் இருந்திருக்கிறது.

பெர்சியஸ் கொத்து நம்மிடமிருந்து ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் நடு மண்டலத்தில் ஒரு மாபெரும் கருந்துளை. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் கொண்டுசென்று விட்ட சந்திரா தொலைநோக்கி அதை நோக்கியபோது, கருந்துளையின் இருபுறமும் வாயுவில் மாபெரும் குமிழிகள் தென்பட்டன. கருந்துளையை நெருங்கும் பொருளில் ஒரு பங்கு உள்ளே விழாமல், பீறிடும் தாரைகளாய் வெளியே தள்ளப்பட்டு வாயுவை ஊதிப் பெருக்குகிறது. குளத்தில் குமிழி எழும்போது வளையங்கள் விரிவதைப்போல் அக்குமிழிகளிலிருந்து அலைகள் புறப்படுகின்றன. 2003-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபேபியனின் குழு இந்த அலைகளை அறிவித்தது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 35,000 ஒளியாண்டுகள்.

ஒலி என்பது அடிப்படையில் அழுத்த அலை. அங்கே வாயு இருக்கிறது, அதில் அழுத்த அலைகளும் ஓடுகின்றன. ஆகவே இது ஒலிதான் என்று சொல்வதில் பிழையில்லை. சுருதியும் கணிக்கப்பட்டது: நம் பாடகர் குழுவின் கீபோர்டில் நடுவே உள்ள "சி" கட்டைக்கு 57 ஸ்தாயிகள் கீழே ஒரு பி ஃபிளாட். ஓர் அதிர்வு முடிய 96 இலட்சம் ஆண்டுகள். மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என்கிறார்கள். ஆதி மனிதர் முதல் இன்றுவரை நாம் பேசிய எல்லாப் பேச்சும் பாடிய எல்லாப் பாட்டும், பெர்சியஸின் ஒரே ஓர் அதிர்வில் முப்பதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒலித்துண்டின் தகுதியும் குறையும்

இனி ஒலித்துண்டுக்கு வருவோம். எவரும் ஒலிவாங்கி வைத்து அதைப் பதிவு செய்யவில்லை. சந்திரா தந்தது ஓர் அசையாப் படம். அப்படத்தில் மையத்திலிருந்து வெளிநோக்கி, கடிகார முள் சுற்றுவதைப்போல் ஒவ்வொரு திசையாகச் சென்று, அலைகளின் ஏற்ற இறக்கத்தைக் கணினி படித்தது. படித்ததை 57 ஸ்தாயியும் 58 ஸ்தாயியும் மேலே உயர்த்தி ஒலியாக்கினர். 57 ஸ்தாயி உயர்வு என்றால் அதிர்வெண்ணை ஏறத்தாழ 1,44,000 இலட்சம் கோடி மடங்கு கூட்டுவது. இந்த எண்ணைக் கண்டதும் திருவெளிப்பாட்டு நூலை நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: 2-ஐ 57 முறை பெருக்கினால் வரும் தொகை அது, வேறொன்றும் இல்லை.

இதன் தகுதிகளை முதலில் சொல்லவேண்டும். சந்திரா தொலைநோக்கிக் குழுவினர் 2020 முதல் வான்படங்களை ஒலியாக்கி வருகின்றனர். கிம்பர்லி ஆர்கண்ட் என்பவர் இம்முயற்சியை முன்னின்று நடத்துகிறார். பார்வையற்றோரும் வானியலில் பங்குபெற வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பார்வையற்றோரின் ஆலோசனையும் பெறப்பட்டது. படங்களாலேயே பேசிவந்த ஒரு துறையில் இது நீதியான செயல். மேலும், மற்ற பல ஒலியாக்கங்களில் ஒளிமிக்க இடத்துக்கு உரத்த சுரம், மேலிருக்கும் பொருளுக்கு உயர்ந்த சுரம் என்று ஆக்குவோரே விதி வகுக்கிறார்கள். பெர்சியஸிலோ உண்மையான அழுத்த அலைகளே ஒலிக்கு அடிப்படை. அவ்வகையில் மூலத்துக்கு நெருங்கிய ஆக்கம் இது. எப்படி ஆக்கினோம் என்பதையும் வெளியிட்டோர் மறைக்காமல் எழுதியிருந்தனர்.

குறை எங்கே? முதலாவது, காலத்தில். ஒரு கோடி ஆண்டு என்னும் அளவு இந்த ஒலியில் காணாமற்போகிறது. அந்த அலைகளின் வியப்பே அவற்றின் பொறுமைதான். வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரும்படி அவற்றை விரைவுபடுத்தியபோது எஞ்சியது ஒரு சுரம். தொலைந்தது அதன் காலம்.

இரண்டாவது குறை உணர்வில். ஒலித்துண்டு முனகுகிறது, கேட்பவர் அஞ்சுகிறார். ஆனால் அளவீடுகள் சொல்லும் செய்தி வேறு. 2016 பிப்ரவரியில் சப்பானியர் "ஹிட்டோமி" என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக் கோளை ஏவினர். ஐந்து வாரங்கள் கடந்தபோது, மார்ச்சு 26 அன்று அது கட்டுப்பாடிழந்து சுழன்று உடைந்தது. உடையுமுன் அது பெர்சியஸின் மையப் பகுதியைப் பார்த்துவிட்டிருந்தது. அங்கே வாயுவின் கொந்தளிப்பு வேகம் வினாடிக்கு 164 கிலோமீட்டர் அளவே என்பது அதன் கணிப்பு. நமக்கு அது பெருவேகம். 5 கோடி டிகிரியில் கொதிக்கும் வாயுவுக்கோ அது வியப்பூட்டும் அமைதி. இத்தனை பெரிய கருந்துளை குமிழிகளை ஊதிக்கொண்டிருக்கும் இடம் இவ்வளவு சாந்தமாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது, கேள்வியில். வானியலார் இந்த அலைகளைத் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. எக்ஸ் கதிரை உமிழும் வாயு தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் கொத்துகளின் மையத்தில் வாயு குளிர்ந்து, சுருங்கி, ஏராளமான புது விண்மீன்களாக வேண்டும். ஆனால் எதிர்பார்த்த அளவு அவை பிறப்பதில்லை. எதுவோ அந்த வாயுவைச் சூடாகவே வைத்திருக்கிறது. கருந்துளை வெளியே தள்ளும் ஆற்றலே அது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. அந்த ஆற்றலை வாயுவுக்குக் கொண்டுசேர்ப்பது ஒலி அலையா, மெல்லிய கொந்தளிப்பா, வேறொன்றா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட "கிரிசம்" என்ற சப்பானியக் கோள் ஹிட்டோமி விட்ட இடத்திலிருந்து அந்த ஆய்வைத் தொடர்கிறது. ஆக, எல்லாவற்றையும் விழுங்கும் அரக்கன் என்று நாம் மேடைகளில் வருணிக்கும் கருந்துளை, இங்கே சுற்றியுள்ள பெருவெளியின் வெப்பத்தைக் காக்கும் அடுப்பாகவும் இருக்கிறது. முனகலை மட்டும் கேட்டவர் இந்தக் கேள்வியை அறியவே மாட்டார். அன்று மலையில் நானும் அறியவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன்.

பெயர் எழுதாத படிமம்

இக்குறை ஒலிக்கு மட்டும் உரியதன்று. எக்ஸ் கதிர்களுக்கு நம் கண் அறியும் நிறம் கிடையாது. நாள்காட்டிகளில் அச்சாகும் சிவப்பும் நீலமும் ஊதாவும் ஆக்குவோர் இட்டவை. 2006-இல் புகழ்பெற்ற "புல்லட் கொத்து" என்ற படத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கொத்துகள் மோதிக் கடந்த காட்சி அது. அதில் இளஞ்சிவப்பாய்த் தெரிவது எக்ஸ் கதிரில் பதிவான வாயு. நீலமாய்த் தெரிவதோ எந்தக் கருவியும் ஒளியாகக் கண்டதன்று. பின்னாலுள்ள மண்டலங்களின் உருவம் வளைந்திருப்பதை அளந்து, நிறை எங்கே குவிந்திருக்கிறது என்று கணக்கிட்டு வரைந்த வரைபடம். இரண்டும் ஒரே தாளில் ஒரே பளபளப்புடன் இருப்பதால் இரண்டையும் ஒரேபோல் கண்டதாக நாம் எண்ணிவிடுகிறோம்.

குருமடத்தில் படிமங்கள் பற்றிய பாடம் ஒன்று உண்டு. 787-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், படிமத்துக்குச் செய்யும் வணக்கம் படிமம் குறிக்கும் ஆளைச் சென்றடைகிறது என்று படிமங்களுக்கு இடமளித்தது. கீழைத் திருச்சபை மரபில் படிமம் வரைவோர் அதன்மேல் புனிதரின் பெயரை எழுதுவர். இது இன்னாரைக் குறிக்கும் படம், இன்னாரே அல்ல என்று நினைவூட்டுவதற்கும் அந்த எழுத்து உதவுகிறது. வான்படங்களுக்கும் ஒலியாக்கங்களுக்கும் அத்தகைய எழுத்து அவற்றின் விளக்கக் குறிப்பு. நாசா குறிப்பை எழுதியே அனுப்பியது. கைமாறிக் கைமாறி வந்த வழியில் குறிப்பு உதிர்ந்துபோயிற்று. எங்கள் மலைக்கு வந்துசேர்ந்தது பெயரற்ற படிமம். அதற்கு நான் என் விருப்பப்படி ஒரு பெயரிட்டேன். அம்முதியவர் ஒரு பெயரிட்டார். அந்த அன்பர் ஒரு பெயரிட்டார்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஒலித்துண்டு நேர்மையான ஆக்கம், ஆனால் தன் விளக்கத்தை விட்டுப் பிரிந்து நிற்க வலுவில்லாத ஆக்கம். அதைப் பிரித்தெடுத்து முழங்கிய என் மறையுரை நேர்மையற்றது.

சந்திரசேகர் காட்டிய கண்டிப்பு

அந்தத் தொலைநோக்கி தாங்கியிருக்கும் பெயர் நம்மவருடையது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் இலாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்த சீதாலட்சுமி அம்மையாரின் மகன். 1930-இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து சென்றபோது அவர் போட்ட கணக்கு, எரிந்து முடிந்த விண்மீன் எவ்வளவு எடைவரை வெண்குள்ளனாக நிலைத்திருக்கும் என்பதற்கு ஓர் எல்லையைக் காட்டியது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதற்கு மேற்பட்டால் சுருங்கியே தீரும்.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதை விளக்கியதும், அக்காலத்தின் மாபெரும் வானியலாளரான ஆர்தர் எடிங்டன் எழுந்து அதை நகைப்புக்கு உள்ளாக்கினார். ஒரு விண்மீன் இப்படி முறைகேடாக நடந்துகொள்வதை இயற்கையின் ஏதாவது ஒரு விதி தடுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். எடிங்டன் அறிவிலி அல்லர். குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள மனிதர். வானம் எப்படி இருந்தால் அழகாயிருக்கும் என்று தாம் விரும்பினாரோ, அப்படித்தான் அது இருக்கவேண்டும் என்று எண்ணிவிட்டார். சந்திரசேகர் தம் கணக்கை மாற்றவில்லை. பெரியவரோடு நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1983-இல் நோபல் பரிசு பெற்றார், 1995-இல் மறைந்தார். 1987-இல் வெளியான "உண்மையும் அழகும்" என்று பொருள்படும் தலைப்புடைய நூலில் விஞ்ஞானத்தில் அழகுணர்வின் இடத்தை அவர் ஆராய்ந்திருக்கிறார். அழகைப் போற்றியவர்தான், ஆனால் 1935-இல் அவர் பிடித்துக்கொண்டு நின்றது கணக்கை.

அவர் தம்மை இறைநம்பிக்கை அற்றவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் பெயர்கொண்ட கருவியின் படத்தை எடுத்து, இதோ இறைவன் இருப்பதற்குச் சான்று என்று நான் மேடையில் காட்டினேன். நம்பிக்கையுள்ள எடிங்டன் செய்த தவறையே நானும் செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

தும்பா தந்த பாடம்

அப்படியானால் நம்பிக்கையாளர் வானியலைக் கண்டு வாய்மூடி இருக்க வேண்டுமா? நம் திருச்சபை வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் வேறு வழி காட்டுகின்றன.

பேரண்டம் ஓர் ஆதி நிலையிலிருந்து விரிந்தது என்ற கொள்கைக்கு வித்திட்டவர் ஜார்ஜ் லெமெய்த்ர் என்ற பெல்ஜியக் குரு. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரை அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் போக்கில் அமைந்தது. மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமெய்த்ர், அவரோ கவலையுற்றார். தம் கொள்கை இயற்பியல் கொள்கை. அதை ஏற்பதோ மறுப்பதோ இறைநம்பிக்கையைச் சாராது என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு உரோமையில் கூடிய வானியலாருக்குத் திருத்தந்தை உரையாற்றியபோது அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. ஒரு குரு தம் சொந்தக் கண்டுபிடிப்பையே மறையுரைப் பொருளாக்க மறுத்திருக்கிறார்.

மற்றது நமக்கு அருகில், தும்பாவில். 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாயும் அவர் குழுவினரும் ராக்கெட் ஏவுதளம் அமைக்க அந்தக் கடலோரச் சிற்றூரைத் தேர்ந்தனர். அங்கே மகதலா மரியாவின் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களோடு கலந்து, ஆலயத்தை விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தார். ஆலயக் கட்டடம் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் தும்பாவிலிருந்து சென்ற ராக்கெட்டுகளில் எக்ஸ் கதிர்க் கருவிகளும் இருந்தன. ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 அங்கிருந்தும் ஆராயப்பட்டது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், 2024 ஜனவரி முதல் நாள் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் ஆகியவை அந்த வழியில் வந்தவை.

மீனவ மக்கள் தம் ஆலயத்தைக் கொடுத்தார்கள். பதிலுக்கு, வானிலிருந்து எங்கள் விசுவாசத்துக்குச் சான்று கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. அந்த ஆலயத்தின் பாதுகாவலியை எண்ணிப் பார்க்கிறேன். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகதலா மரியா சீடரிடம் போய்த் தான் கண்டதையும் தன்னிடம் சொல்லப்பட்டதையும் சொன்னாள். மறையுரை ஆற்றும் எவருக்கும் அதுவே அளவுகோல்.

19-ஆம் திருப்பாடலையும் இப்போது ஒழுங்காகப் படித்தேன். வானங்கள் எடுத்துரைப்பதாகத் தொடங்கும் ஆசிரியர், அந்த அறிவிப்புக்குச் சொல்லும் இல்லை, செவியில் விழும் குரலும் இல்லை என்று உடனே வரையறுத்துவிடுகிறார். ஆண்டுதோறும் செபித்த பாடல்தான். அன்று மலையில் முதல் அடியோடு நிறுத்திக்கொண்டு, ஆசிரியர் இல்லை என்று சொன்ன குரலை ஒலிபெருக்கியில் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

மீண்டும் மலைக்கு

2023 ஜனவரியில் அதே கிளைப்பங்கில் திருப்பலி முடிந்ததும், முன்பு நான் சொன்னது தவறு என்று அதே ஒலிபெருக்கியில் சொன்னேன். யாரும் என்னைக் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த முதியவர் மட்டும், "அப்போ அது நரகம் இல்லையா சாமி?" என்று ஏமாற்றத்துடன் கேட்டார்.

பிறகு அனைவரும் வெளியே வந்து நின்றோம். பனி விழுந்த தெளிவான இரவு. வடக்கே பெர்சியஸ் மண்டலத்தில் அல்கோல் என்ற விண்மீனைக் காட்டினேன். அதற்குச் சற்றுக் கிழக்கே, வெறுங்கண்ணுக்கு எதுவுமே தெரியாத அந்த இருட்டில்தான் நான் சொன்ன கொத்து இருக்கிறது என்றேன். ஒலி எதுவும் வைக்கவில்லை. அந்த மாணவியும் நின்றிருந்தாள். அவள் தந்தை காசநோய்க்கு ஆறு மாதம் மருந்துண்டு தேறியவர். அவருடைய நெஞ்சுப் படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. எக்ஸ் கதிரை விளக்க அந்தப் படத்தையே உவமையாக்கினேன்: கண் காணாததைக் கதிர் காணும், கண்டதைப் படிக்கத் தெரிந்தவர் நமக்குச் சொல்லவேண்டும்.

அவள் சற்று யோசித்தாள். "ஆனா சாமி, அப்பா படத்துல கதிர் மெசின்லேர்ந்து வருது, நடுவுல எலும்பு மறைக்குது. அங்க அந்த வாயுவே கதிர் விடுதுன்னு சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையே?"

உண்மைதான். என் உவமை அந்த இடத்தில் உடைகிறது. அதை உடைத்துக் காட்டியதற்காக அவளுக்கு நன்றி சொன்னேன். அல்கோலைப் பற்றி மேலும் கேட்டாள். அது இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவது. மங்கலானது மற்றதை மறைக்கும்போது, ஏறத்தாழ 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒளி குன்றி மீளும். தொலைநோக்கி இல்லாமலே அதைக் காணலாம் என்றேன்.

அவள் இப்போது இயற்பியல் இளங்கலை படிக்கிறாள். சென்ற விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தேதி, மணி, பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு அல்கோல் எவ்வளவு மங்கியிருந்தது என்ற குறிப்பு, மேகம் மறைத்த இரவுகளில் "மேகம்" என்ற ஒரே சொல். ஓரிடத்தில் எழுதியதை அடித்துவிட்டு, அருகே, "சரியாகப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.